அவள் பெயருக்கு நின்ற கை

இதை இடக்கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக விழுந்தால் கொஞ்சம் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் அழகு காட்ட வரவில்லை. என் வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றும் மலாக்காவில் ஒரு ரப்பர் தோட்டத்து இஸ்டோரில் போய்விட்டன. ஆனால் கனவில் இன்றைக்கும் பத்து விரலோடுதான் வருகிறேன். கனவில் கோலம் போடுகிறேன், சடை பின்னுகிறேன், முறுக்குப் பிழிகிறேன். விழித்ததும் இல்லாத விரல்கள் கொஞ்ச நேரம் அரிக்கும். சொறிந்துகொள்ள இடம் இருக்காது.

யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. ஒரு பெயரால் நான் பட்டது போதும். தோட்டத்தின் பெயரும் வேண்டாம். அலோர் காஜாவில் மாட்டு வண்டி ஏறினால் ஒரு நல்ல தூக்கம் போட்டு எழுந்திருக்கும் தூரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். கட்டியவன் கப்பலில் வந்த இரண்டாம் வருஷமே மலேரியாவில் போய்விட்டான். எனக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டேன். வீடு என்றால் லயத்தில், அதாவது கூலிகளுக்குக் கட்டிய நீள வரிசையில், ஒரு அறை. நடுவில் சாக்குத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும், இந்தப் பக்கம் நானும் விறகும்.

அண்ணிக்கும் எனக்கும் ஆகாது. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. குழாயடியில் அவள் வாளியை நான் நகர்த்தி வைத்துவிட்டேன் என்று ஒரு நாள், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று ஒரு நாள். அவளுக்கு நாக்கு நீளம். எனக்கு மட்டும் குட்டையா? அண்ணன் ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து வந்தால் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, பசியாறாமலே குளிக்கப் போய்விடுவார். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ புள்ள" என்பாள். கோபம் என்றால் அண்ணனைப் பார்த்து "ஒங்க தங்கச்சி" என்பாள்.

எங்கள் பெயர்களைக் கூப்பிட்டது கங்காணிதான். விடியுமுன் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். ஆபீசுக்கு முன்னால் பனிக்குள் போய் வரிசையாக நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். கங்காணிக்கு எழுத்து தெரியாது. ஆனால் லயத்து வரிசைப்படி, அறை அறையாக, எல்லாப் பொம்பளைகள் பெயரும் மனப்பாடம். அவர் கூப்பிடுவார், நாங்கள் "இருக்கேன்" என்போம், பின்னால் விளக்கடியில் உட்கார்ந்திருக்கும் கணக்கெழுதுகிற கிராணி புத்தகத்தில் ஒரு கோடு போடுவார். எங்கள் அறைக்கு வந்தால் முதலில் அண்ணி பெயர், அடுத்து என் பெயர். அந்த இருட்டில் யாருக்கும் முகம் கிடையாது. பனிக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் வரும். தூக்கம் கலையாத எனக்கு, யாரோ தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல இருக்கும்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி அவள் 'பெயருக்கு நிற்பாள்'. அவள் பெயரைக் கூப்பிடும்போது இவள் 'இருக்கேன்' என்று சொல்லி, அவள் வேலையைச் செய்துவிட்டு வருவாள். இதைத் திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. வேலை நடந்தது அல்லவா? கங்காணிக்குத் தெரியும், கிராணிக்கும் தெரியும். துரைக்கு மட்டும்தான் தெரியாது. அவருக்கு எங்கள் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது.

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கழித்தவர்களை ஊருக்குக் கப்பலேற்ற வாரம் ஒரு லாரி துறைமுகத்துக்குப் போகும்; திரும்பி வரும்போது காலியாக வரும். அண்ணிக்குப் பாலை ரப்பராக்கும் இஸ்டோரில் வேலை. தலைக்கு மேல் கூரை உள்ள வேலை என்பதால் அதற்குப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். இரண்டு மூன்று நாள் வராவிட்டால் வேறு ஆள் வந்துவிடும். நான் புல்வெட்டு. புல்வெட்டுக்காரி ஒரு நாள் வராவிட்டால் புல் ஒன்றும் அழப்போவதில்லை.

ஒரு நாள் காலை சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் பல் கிடுகிடுக்கும் சத்தம் கேட்டது. அண்ணிக்குக் குளிர்காய்ச்சல். நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் இஸ்டோருக்குக் கட்டும் பழைய சேலை கொடியில் கிடந்தது. எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். கங்காணி அவள் பெயரைக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்றேன். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றேன். கங்காணி விளக்கைக் கொஞ்சம் தூக்கி என்னைப் பார்த்தார். "இஸ்டோருக்குப் போ" என்றார்.

இஸ்டோரை எனக்குப் பிடிக்கும். வெட்டிக் கொண்டுவந்த பாலைத் தொட்டியில் ஊற்றி ஆசிட் கலந்துவிட்டால், அது இறுகித் தயிர்க்கட்டி போல ஆகிவிடும். அந்த வெள்ளைப் பலகைகளை எடுத்து உருளைகளுக்கு நடுவில் விட வேண்டும். இந்தப் பக்கம் தடியாகப் போவது அந்தப் பக்கம் மெல்லிய துணியாக வரும். பிறகு அதைப் புகைக் கொட்டகையில் தொங்கப் போடுவார்கள். இஞ்சின் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புளித்த வாசனையும் புகையும் ஈரமும் சேர்ந்து கண்ணைச் சொக்க வைக்கும். பலகை கோணாமல் போக, அதன் மேல் கையை வைத்து உருளை வரைக்கும் கூடவே போக வேண்டும். எங்கே கையை எடுக்க வேண்டும் என்று அண்ணியின் கைக்குத் தெரியும். என் கை ஒரு கணம் கூடப் போய்விட்டது.

வலி உடனே வரவில்லை. முதலில் வந்தது ஆச்சரியம்தான். யாரோ பிரியமாகக் கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டது போல இருந்தது. அந்தப் பக்கம் வெள்ளைத் துணி சிவப்பாக வந்ததைப் பார்த்தேன். 'இது யார் வேலையைக் கெடுத்தது, கிராணி திட்டுவாரே' என்று நினைத்தேன். யாரோ உருளைக்கு ஓடும் வாரை இழுத்துவிட்டு இஞ்சினை நிறுத்தினார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் நான் கத்திக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது.

லாரியில் ஏற்றும்போது கங்காணி ஓடி வந்து டிரைவரிடம் பெயர் சொன்னார். அண்ணியின் பெயரைச் சொன்னார். பெரட்டில் இஸ்டோருக்கு என்று கோடு விழுந்தது அந்தப் பெயருக்குத்தானே. மலாக்கா டவுன் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரையே எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டார்கள்.

ஆறு வாரம் அங்கே அவளாகக் கிடந்தேன். அந்த நாட்களை நினைத்தால் எல்லாம் கொசுவலைக்குள்ளேயே நடந்தது போல இருக்கிறது. மூன்று விரலையும் எடுத்துவிட்டார்கள். காய்ச்சலில் கண்ணை மூடினால் கித்தா என்கிற ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நடந்து வரும். ஒவ்வொன்றையும் கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவையும் "இருக்கேன்" என்று சொல்லும். கண் விழித்தால் நர்ஸ் அண்ணியின் பெயரைச் சொல்லி மருந்து கொடுப்பாள். முதலில் யாரையோ கூப்பிடுகிறாள் என்று சும்மா இருந்தேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அவள் பெயரில் சாப்பிட்டேன், அவள் பெயரில் அழுதேன். ஒரு மத்தியானம், கல்யாணமான புதிதில் அவள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த கதையை நானே கனவாகக் கண்டேன். எப்போதோ அண்ணன் சொன்னதுதான். ஆனால் கனவில் வயிறு என்னுடையதாக இருந்தது. 'பாவம், எவ்வளவு பயந்திருப்பாள்' என்று விழித்த பிறகு தோன்றியது. அதற்கு முன் எனக்கு அவளைப் பற்றி அப்படி ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் ஒரு சீசாவில் கோப்பியும் கொண்டுவந்தாள். வாசலில் பெயர் கேட்டிருக்கிறார்கள். என் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே வந்திருக்கிறாள்.

"வேற என்னத்தச் சொல்ல? என் பேருதான் இங்க கட்டில்ல தொங்குதே" என்றாள்.

"அப்ப நீங்க யாரு?"

"நான்தான் நீ. தெனமும் ஒன் பேருக்குத்தான் புல்லு வெட்டிட்டு இருக்கேன். கங்காணி அப்படித்தான் நிக்கச் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரியில இருக்கிறவ பெரட்டுல நிக்க முடியுமா?" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கிழங்கைப் பிட்டு ஊட்டிவிட்டாள், தோலைக்கூட உரிக்காமல்.  

தோட்டத்துக்குத் திரும்பினேன். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு கிராணியிடம் போனேன். வேலையில் அடிபட்டவர்களுக்குத் தோட்டம் ஏதோ கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டார்கள். கிராணி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புத்தகத்தைத் திறந்தார்.

"இந்தச் சீட்டுல இருக்கிற பொம்பள பத்து விரலோட வெளிய நிக்கிறா. நீ அன்னைக்கு வேலைக்கே வரல. அதுக்கு அப்புறம் ஒரு நாள் தவறாம புல்லு வெட்டியிருக்க. புத்தகத்துல இருக்கு, பாரு. அப்ப யாருக்கும்மா அடிபட்டுச்சு?"

எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் தெரியுமா? எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கையை அவர் புத்தகத்தின் மேல் வைத்தேன். அவர் புத்தகத்தை மெதுவாக இழுத்துக்கொண்டார். அவர் புத்தகத்தின்படி அந்தத் தோட்டத்தில் யாருக்குமே அடிபடவில்லை.

புல்வெட்டுக்கு மண்வெட்டி பிடிக்க வேண்டும். இரண்டு விரலால் என்ன பிடிப்பது? அடுத்த லாரியில் என் பெயர் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் ஊரில் எனக்கு ஒரு கதவுகூடத் திறக்காது. என் சோற்றுக்கு நான் யார் வாசலிலும் நிற்காமல் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அலோர் காஜாவில் ஒரு தமிழ் முஸ்லிம் நானா மளிகைக் கடை வைத்திருந்தார். கருவாடு, தேங்காயெண்ணெய், அதோடு ஒரு தமிழ்ப் பத்திரிகை. பத்திரிகையை வருகிறவர்களுக்கு எல்லாம் வாசித்துக் காட்டுவார். என் கையைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்குன்னு சட்டம் வந்திருக்கு, தங்கச்சி. வேலை செய்யும்போது அடிபட்டா முதலாளி நஷ்டஈடு குடுத்தே ஆகணும். வெரலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவுன்னு போட்டிருக்கான். அவங்க பாத்துப் போடுற பிச்சை இல்ல இது. மனு எழுதுவோம்."

காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "யார் பேருல எழுதட்டும்?"

 அண்ணி பெயரில் எழுதினால், விரலோடு இருக்கிறவளைக் கொண்டுபோய் எதைக் காட்டுவது? என் பெயரில் எழுதினால், நான் அவள் பெயருக்கு நின்றதும் வெளியே வரும், அவள் என் பெயருக்கு நின்றதும் வெளியே வரும். என்னைக் கழிக்கத்தான் போகிறார்கள், அவளையும் கழிப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், "என் பேருல எழுதுங்க நானா" என்றேன். ஆறு வாரம் இன்னொருத்தியாகக் கிடந்துவிட்டு வந்தவளுக்குத் தன் பெயரின் மேல் ஒரு வெறி. அண்ணியை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எழுதியிருக்கலாம். கேட்கவில்லை. அது என் தப்பு. இத்தனை வருஷம் கழித்தும் அதைத் தப்பு என்றுதான் சொல்வேன்.

மனு போன பிறகு, விசாரணைக்கு அலோர் காஜா சர்க்கார் கச்சேரிக்கு வரச் சொல்லி எங்கள் இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. விசாரணைக்கு முந்தின நாள் கிராணி அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். அண்ணன் திரும்பி வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். அண்ணி ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம்: 'அன்றைக்கு இஸ்டோரில் வேலை செய்தது நான்தான், நாத்தனார் கோப்பி கொண்டுவந்தாள், விளையாட்டாகக் கையை விட்டுவிட்டாள்.' அப்படிச் சொன்னால் அண்ணன், அண்ணி இரண்டு பேர் வேலையும் நிலைக்கும். மாற்றிச் சொன்னால் இரண்டு பேருக்கும் நோட்டீஸ். இந்தக் காலத்தில் எந்தத் தோட்டம் சேர்க்கும்?

அண்ணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. 'எனக்காகச் சொல்லுங்க' என்று எந்த வாயால் கேட்பேன்? என் மூன்று விரலுக்காக அவள் வீட்டையே கேட்பதாக அல்லவா ஆகும்.

மறுநாள் காலை வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். சடக்கு என்கிற ரோட்டின் இரண்டு பக்கமும் பனி. வண்டி போகிறதா, மரங்கள் போகின்றனவா என்று தெரியவில்லை. ஒரு மலாய்க் கம்போங் கிராமத்தைத் தாண்டும்போது பனிக்குள்ளிருந்து ஒரு சேவல் மட்டும் கேட்டது. வீடுகள் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பயணம் முடியாமலே இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். அவள் என்ன சொல்வாள் என்பது தெரியாமலே போய்க்கொண்டே இருக்கலாம்.

பாதி வழியில் அண்ணி பேசினாள்.

"பணம் வந்துச்சுன்னா ஒரு மாடு வாங்கு."

"மாடா?"

"கறவ மாடு. லயத்துக்குப் பின்னால கட்டிக்கலாம். புல்லுக்கா பஞ்சம்? பாலு வித்தா ஒரு வயித்துக்குக் காணும். எடது கையிலயும் கறக்கலாம், பழகிக்கிட்டா."

"எங்கிட்ட கோவமா அண்ணி?"

"இருக்காதா பின்ன?" என்றாள். பிறகு முந்தானையால் என் தலையில் விழுந்த பனியைத் துடைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தெரியக் கூடாது என்று மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

கச்சேரியில் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு தமிழர் நின்றார். தோட்டத்துப் பக்கம் கிராணியும் கங்காணியும். முதலில் என்னைக் கூப்பிட்டு, வலக்கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். தூக்கினேன். ஆபீசர் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

கங்காணியைக் கேட்டார்கள். "நான் பேரைக் கூப்பிட்டேங்க, குரல் வந்துச்சுங்க. இருட்டு. முகம் பாக்கலிங்க" என்றார். விளக்கைத் தூக்கிப் பார்த்த மனுஷன் அப்படிச் சொன்னார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை; அவருக்கும் ஐந்து பெண் பிள்ளைகள். கிராணி புத்தகத்தை விரித்து வைத்து, கோப்பிக் கதையைச் சொன்னார். விரலால் ஒவ்வொரு கோடாகக் காட்டினார். அந்த மனுஷனுக்குத்தான் எத்தனை விரல்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அண்ணியைக் கூப்பிட்டார்கள். இஸ்டோருக்குக் கட்டும் அதே பழைய சேலையில்தான் வந்திருந்தாள். அதில் ஒரு ஓரத்தில் என் ரத்தம் துவைத்தும் போகாமல் பழுப்பாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டார்கள்.

வெளியே ஏதோ ஒரு கார் போனது. அந்தச் சத்தம் அடங்கியது. எனக்கு இஞ்சின் நின்ற நேரம் ஞாபகம் வந்தது.

"லயத்துல காய்ச்சலோட படுத்திருந்தேங்க. என் பேருக்கு இவ நின்னா. இவ ஆஸ்பத்திரியில கெடந்த நாளெல்லாம் இவ பேருக்கு நான் நின்னேன். எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் நிப்போம். கங்காணியாருக்குத் தெரியும், கிராணியாருக்கும் தெரியும்."

கிராணி எழுந்து ஏதோ சொல்லப் போனார். அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு கையையும் ஆபீசரின் மேஜைக்கு மேல் நீட்டி விரித்தாள்.

"எண்ணிப் பாருங்கய்யா, பத்தும் இருக்கு. இதுல மூணு இவளோடது."

அதைத் தமிழர் எப்படி இங்கிலீஷில் சொன்னாரோ தெரியாது. கொஞ்சம் தடுமாறித்தான் சொன்னார். ஆபீசர் வெகுநேரம் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தோட்டத்துப் புத்தகத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கட்டிலில் கிடந்தவள் எப்படிப் புல் வெட்டினாள் என்று கிராணியைக் கேட்டார். கிராணி கைக்குட்டையை எடுத்தார். கங்காணியை மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை கங்காணி தலையைக் குனிந்துகொண்டு, "பாத்தேங்க. நான்தான் இவள இஸ்டோருக்கு அனுப்பினேங்க" என்றார்.

எந்தப் பெயருக்குக் கோடு விழுந்தது என்பது வேறு விஷயம், தோட்டத்து ஆள் அனுப்பித் தோட்டத்து வேலையைச் செய்தது இந்தப் பெண்தான், அடிபட்டதும் அந்த வேலையில்தான், ஆகவே நஷ்டஈடு இவளுக்கு. ஆபீசர் இப்படித்தான் முடித்தார். என்னால் முடிந்த வேலையாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லித் துரைக்கும் எழுதினார். ஆனால் பணத்தை மொத்தமாகக் கையில் தர மாட்டார்களாம். தனிப் பெண் ஏமாந்துவிடுவாள் என்று ஆபீசிலேயே வைத்திருந்து, மாதா மாதம் நான் நேரில் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார்களாம்.

என் பெயரைத் தமிழர் திருத்தமாகச் சொல்லிக் காகிதத்தில் எழுதினார். வெகுநாள் கழித்து என் பெயரைக் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாளே அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரு மாச நோட்டீஸ் வந்தது. பொய்ப் பெயரில் வேலைக்கு நின்றது காரணமாம். அண்ணன் இரண்டு மூன்று தோட்டங்களுக்கு நடந்து பார்த்துவிட்டு வந்தார். எங்கும் ஆள் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குப் பெயர் கொடுத்தார்கள்.

"நானும் வரேன்" என்றேன்.

"வந்து? மாசா மாசம் கப்பல் ஏறி வந்து காசு வாங்குவியா?" என்றாள் அண்ணி. "இங்கயே கெட. மூணு வெரல குடுத்து வாங்கினது, விட்டுட்டு வந்தியானா ஒன்னையச் சும்மா விடமாட்டேன்."

அந்த ஒரு மாதம் நாங்கள் சண்டையே போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே குழாயடியில் அவள் வாளியை நகர்த்தி வைத்தேன். அவள் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். சாக்குத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

லாரி வந்த நாளில் அவள் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும்தான் எடுத்துக்கொண்டாள். ஏறும்போது அண்ணன் கையைக் கொடுத்தார். அவள் பிடிக்காமல், என் பக்கம் கையை நீட்டினாள். என் வலக்கையைத்தான் கேட்டாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். என் பெயரைச் சொல்லி, "வரேன்" என்றாள். அவள் வாயிலிருந்து என் பெயரை முதல் தடவையாக அப்போதுதான் கேட்டேன். லாரி கித்தா மரங்களுக்குள் நுழைந்து, பனியில் கரைந்து போய்விட்டது.

எனக்கு ஆயாக் கொட்டகையில் வேலை போட்டிருந்தார்கள். வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்ட வேண்டும். அதற்கும் பெரட்டில் நிற்கத்தான் வேண்டும். மறுநாள் விடியுமுன் தண்டவாளம் ஒலித்தது. போய் நின்றேன். கங்காணி லயத்து வரிசைப்படி கூப்பிட்டுக்கொண்டே வந்தார். குரல்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து பதில் சொல்லிக்கொண்டே வந்தன. எங்கள் அறைக்கு வந்தார். மனப்பாடம் ஆயிற்றே, வாய் தானாக முதலில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டது.

 கிராணி பென்சிலைத் தூக்கியபடியே இருந்தார்.

"இருக்கேன்" என்றேன்.

 கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு என் பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றேன்.

கிராணி ஒரு கோடுதான் போட்டார்.